மெத்தையில் நாய்: தூக்கம், நோய், பாசம்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி மாறாது என்று ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்னவருக்கு, நடுவீடு என்பதே ஒரு நாய்க்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி வீடுகளில் வளரும் லாப்ரடாரும் பக்கும் ஷிட்சூவும் நடுவீட்டைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போய்விட்டன. மெத்தையில் ஏறி, போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டு, வீட்டுக்காரரைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் குறட்டை விடுகின்றன.

இதை வைத்து வீட்டுக்கு வீடு வழக்கு நடக்கிறது. பிள்ளைகள் ஒரு கட்சி, தாத்தா பாட்டி எதிர்க் கட்சி. எதிர்த் தரப்பு வைக்கும் வாதங்கள் பெரும்பாலும் மூன்று. தூக்கம் கெடும், நோய் ஒட்டும், நாய் தலைமேல் ஏறி உட்காரும். மூன்றையும் தனித்தனியாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நடந்தவை. தூக்கத்தைத்தான் அவை அதிகம் எடை போட்டன. நம் ஊர்க் கணக்கில் வேறு சில விஷயங்கள் முன்னுக்கு வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல முடியும்.

புதுப் பழக்கம் அல்ல

நாயோடு படுப்பது இன்றைய செல்லம் கொடுக்கும் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அது தவறு. இஸ்ரேலில் ஐன் மல்லாஹா என்ற இடத்தில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்று கிடைத்தது. அதில் வயதான ஒருவரின் கை ஒரு நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பாலைவனக் குளிரில் டிங்கோ நாய்களை அணைத்துக்கொண்டு தூங்கியதை அங்கே போன வெள்ளையர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மெக்சிகோவில் மயிரே இல்லாத ஷோலோ நாயை மூட்டுவலிக்காரர்கள் பக்கத்தில் கிடத்திக்கொண்டார்கள். நாயின் உடல் வெப்பம் மனிதனுடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குளிர் நாட்டில் அது அடுப்பில்லாத வீட்டுக்குக் கிடைத்த கணப்பு.

அரண்மனைகளிலும் இதே கதைதான். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் தன் இத்தாலியன் கிரேஹவுண்ட் நாய்களைப் படுக்கையில் படுக்க விட்டவர். செத்த பிறகும் அவற்றின் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். 1786-இல் இறந்தவரின் அந்த ஆசை 1991-இல்தான் நிறைவேறியது. 1901 ஜனவரியில் விக்டோரியா மகாராணி மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடி டூரி என்ற பொமரேனியனைக் கட்டிலில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இனத்தை ஊரெல்லாம் பிரபலமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் பொமரேனியன் என்று கூப்பிடப்படும் நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது வேறு கதை.

ஐரோப்பாவில் தனி அறை, தனிக் கட்டில் என்ற ஏற்பாடே பொதுமக்களுக்குப் பிற்காலத்தில் வந்ததுதான். இரவின் வரலாற்றை எழுதிய ரோஜர் எகிர்ச் காட்டுவதுபோல, தொழிற்புரட்சிக்கு முன் ஒரே படுக்கையில் குடும்பமே படுத்தது. விருந்தாளியும் வேலைக்காரரும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுகாதாரச் சிந்தனைதான் முதலில் அந்நியரையும், பிறகு பிள்ளைகளையும், கடைசியில் நாயையும் கட்டிலிலிருந்து இறக்கியது.

தமிழ்நாட்டில் நாய்க்கு இடம் வாசலோடு சரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர்பெற்ற இனங்கள் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. நன்றிக்கு நாயை உவமை சொல்லி, யானையைப் போன்றவர் நட்பைவிட நாயைப் போன்றவர் நட்பே மேல் என்றது நாலடியார். பைரவருக்கு வாகனமும் நாய்தான். ஆனாலும் அது தூங்கியது திண்ணையடியில், வைக்கோல் போரில், அடுப்புச் சாம்பலில். கடலோரத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி சட்டப் பள்ளியில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும் என்பது விதி. காவலுக்கு நாய் வளர்ப்பதை அது தடுக்கவில்லை. படுக்கை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆக, பாட்டி போடும் சண்டைக்குப் பின்னால் வெறுப்பு இல்லை. வீட்டுக்குள் எது, வெளியே எது என்ற நெடுங்கால ஒழுங்கு இருக்கிறது. வாசலும் திண்ணையும் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் அந்த ஒழுங்கு நிற்கத் தரை கிடைக்காமல் போனது.

தூக்கத்தை அளந்தவர்கள்

முதல் வாதம் தூக்கம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை தூக்கச் சிகிச்சைக்கு வந்த 150 பேரிடம் கேட்டு 2015-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செல்லப்பிராணி வைத்திருந்தார்கள். அப்படி வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அதைப் படுக்கையறையில் அல்லது படுக்கையில் விட்டவர்கள். தொந்தரவு என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். தொந்தரவே இல்லை, சொல்லப்போனால் நல்லது என்றவர்கள் 41 சதவீதம்.

வாயால் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அதே நிறுவனம் 2017-இல் கருவி வைத்துப் பார்த்தது. தூக்கக் கோளாறு இல்லாத 40 பேர், ஏழு இரவுகள். மனிதருக்கும் அசைவைப் பதியும் கருவி, நாய்க்கும் கருவி. கட்டிலில் கிடந்த நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையாகத் தூங்கினார்கள் என்பதைத் தூக்கத் திறன் என்பார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது பொதுவான அளவு. நாய் அறையில் வேறெங்கோ படுத்தபோது அது 83 சதவீதம். படுக்கையிலேயே படுத்தபோது 80. நாய் அறையில் இருப்பதால் தூக்கம் பாழாகவில்லை, மெத்தையில் ஏறினால் கொஞ்சம் குறைகிறது என்பதுதான் முடிவு. செய்தித்தாள்கள் இந்த முடிவின் முதல் பாதியை வைத்து ஒரு தலைப்பும், இரண்டாம் பாதியை வைத்து இன்னொரு தலைப்பும் போட்டன.

குறைவதற்குக் காரணம் நாயின் இயல்பிலேயே இருக்கிறது. மனிதன் இரவில் ஒரே நீட்டாகத் தூங்குகிறான். நாய் அப்படி இல்லை. 1993-இல் ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் என்ற இருவர் நாய்களின் இரவைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். சராசரியாக 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு. எட்டு மணி நேரத்தில் இப்படி 23 சுற்று. காவல் காத்துப் பழகிய உயிருக்கு இது சரியான தூக்கம். ஒவ்வொரு விழிப்பிலும் அது காதை ஆட்டும், சொறியும், மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு இடம் மாற்றிப் படுக்கும்.

அந்த அசைவு பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கடத்தப்படுகிறதா? நியூயார்க் மாநிலத்தின் கனிசியஸ் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டி ஹாஃப்மன் குழு 2020-இல் வெளியிட்ட சிறு ஆய்வு இதைப் பார்த்தது. நாய் இரவில் அவ்வப்போது அசைந்துகொண்டிருந்தது. அது அசையும்போது கூடப் படுத்த பெண்களும் அசைய ஆரம்பிக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆனால் காலையில் கேட்டால், நாய் எழுப்பியதாக அவர்கள் அபூர்வமாகவே சொன்னார்கள். கருவி ஒன்று சொல்கிறது, ஆள் வேறொன்று சொல்கிறார். இந்தத் துறையின் மையச் சிக்கலே இந்த இடைவெளிதான்.

அதே ஹாஃப்மன் 2018-இல் 962 அமெரிக்கப் பெண்களிடம் நடத்திய கணக்கெடுப்பு இன்னும் சுவையானது. அவர்களில் 55 சதவீதம் பேர் நாயோடு படுப்பவர்கள். கணவரோடு அல்லது துணையோடு படுப்பவர்கள் 57 சதவீதம். இருவரில் யார் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு நாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பாதுகாப்பு உணர்விலும் நாயே முந்தியது. பூனை மனிதத் துணைக்குச் சமமான தொல்லை என்று பதிவானது. ஆண்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகம் 2021-இல் 11 முதல் 17 வயது வரையுள்ள 188 பேரைப் பார்த்தது. மூன்றில் ஒருவர் செல்லப்பிராணியோடு படுப்பவர். அடிக்கடி அப்படிப் படுப்பவர்களின் தூக்கமும் எப்போதுமே படுக்காதவர்களின் தூக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இதற்கு நேர்மாறாக, 2024-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், செல்லப்பிராணியோடு படுக்கும் பெரியவர்கள் தங்கள் தூக்கம் மோசம் என்றும் தூக்கமின்மை அதிகம் என்றும் சொன்னார்கள். அந்தத் தொடர்பு நாயிடம் தெரிந்தது, பூனையிடம் தெரியவில்லை. ஆனால் நாயால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராதவர்கள் ஆறுதலுக்கு நாயைக் கூப்பிட்டுக்கொள்கிறார்களா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

மொத்தத்தில், நல்ல தூக்கம் உள்ளவருக்கு நாயால் வரும் இழப்பு சிறியது. ஏற்கெனவே தூக்கத்துக்குத் தவிப்பவருக்கு அந்தச் சிறிய இழப்பும் பெரியது. இவை வெளிநாட்டு வீடுகளில் நடந்த ஆய்வுகள். நான்கடிக் கட்டிலில் இருவர் நடுவே முப்பது கிலோ லாப்ரடார் படுப்பதற்கு இந்த எண்களைச் சாட்சி கூப்பிட முடியாது.

விடாமல் பிடித்திருப்பது எது

இழப்பு என்று கருவி காட்டியும் ஏன் விடுவதில்லை? ஜப்பானின் அசபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாகசாவா, கிகுசுய் குழு 2015-இல் காட்டியது இதற்குப் பாதி விடை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாயும் சேயும் பார்த்துக்கொள்ளும்போது சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

மீதிப் பாதி வாழ்க்கை நிலையில் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனியாக இருப்பவர், துணையை இழந்தவர், ஊர் விட்டு ஊர் வந்து வாடகை அறையில் இருக்கும் இளம்பெண்: இவர்களுக்கு இரவில் மூச்சுவிடும் ஓர் உயிர் பக்கத்தில் இருப்பது சாதாரண விஷயமில்லை. கதவருகே சத்தம் கேட்டால் தனக்கு முன் அதற்குக் கேட்கும் என்ற தைரியம் இருக்கிறது. அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பி மனக்காயத்தோடு வாழும் படைவீரர்களுக்குப் பயிற்சி பெற்ற நாய்களைத் தருகிறார்கள். கெட்ட கனவில் தவிக்கும்போது எழுப்புவதும் அவற்றின் வேலைகளில் ஒன்று. எழுப்பும் நாய் அங்கே மருந்து, தூக்கக் கணக்கில் அதுவே இடையூறு. எண்களை மட்டும் பார்ப்பவர் தவறவிடுவது இதைத்தான்.

நோய்க் கணக்கு

இரண்டாவது வாதத்தில்தான் நம் ஊர் வேறு வழியில் பிரிகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புரூனோ ஷோமல், பென் சன் இருவரும் படுக்கையறை வழியாக விலங்கிலிருந்து மனிதருக்கு வந்த நோய்களை 2011-இல் தொகுத்தார்கள். பிளேக், தோல் பூஞ்சை, எச்சில் வழி வரும் பாக்டீரியாத் தொற்று என்று பட்டியல் நீளம். அவர்கள் முடிவு நிதானமானது: நோய் வருவது அபூர்வம், வந்தால் கடுமையாக இருக்கலாம், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது.

நம் வீட்டுக்கு அந்தப் பட்டியலின் வரிசையை மாற்ற வேண்டும். முதலிடம் ரேபிஸ். உலகில் இந்த நோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான். குன்னூரில் 1907-இலேயே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. நோயும் பழையது, தடுக்கும் வழியும் பழையது. அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடும். காயமில்லாத தோலில் நக்கினால் ஆபத்தில்லை. கீறல் பட்ட தோலிலோ, வாய், கண் போன்ற ஈரப் பரப்பிலோ எச்சில் பட்டால் அது மூன்றாம் வகைத் தொடர்பு, அதாவது ஆழமான கடிக்கு ஒப்பான அபாயம். தூங்குகிறவர் காலில் உள்ள சிராய்ப்பை நாய் நக்குவதை யார் கவனிக்கிறார்கள்? அதிகாலையில் பால்காரருக்குத் திறந்த கதவு வழியே ஓடித் தெரு நாயோடு மோதிவிட்டு வந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு பூஸ்டர், அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். இது நடந்த நாயிடம் இந்தப் பயம் அநேகமாக இல்லை. நடக்காத நாய் மெத்தையில் என்ன, வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது.

இரண்டாவது உண்ணி. குளிர்நாட்டு எழுத்தாளர்கள் எச்சரிக்கும் உண்ணி புல்வெளியிலிருந்து ஒட்டுவது. நம் ஊர்ப் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெயில் நாட்டில் வருடத்துக்குப் பல தலைமுறை. நாய்க்கு உண்ணிக் காய்ச்சலை அதுவே பரப்புகிறது. அது மனிதரைவிட நாயையே விரும்பும் என்றாலும், மெத்தையில் நாய் படுத்தால் மெத்தையும் அதன் வட்டாரத்துக்குள் வந்துவிடும்.

மூன்றாவது எலிக்காய்ச்சல். இதன் கிருமி சிறுநீரில் வெளியேறும்; நோயிலிருந்து தேறிய நாயும் சில காலம் வெளியேற்றும். ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு வரும் நாயும், மெத்தையை நனைக்கும் குட்டியும் இதில் கவனிக்கப்பட வேண்டியவை. குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் இதற்கும் மருந்து உண்டு.

மற்றவை இவற்றுக்குப் பின்னால்தான். படர்தாமரையும் சொறியும் நெருங்கிப் படுப்பதால் ஒட்டக்கூடியவை. வட்டமாக முடி உதிர்ந்தாலோ ஓயாமல் சொறிந்தாலோ மருத்துவரைப் பார்க்கும்வரை கட்டில் வேண்டாம். உருளைப் புழுவைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் பருவத்துக்கு வரும். அதனால் மெத்தையைவிடக் குழந்தைகள் விளையாடும் மணல்தான் அதற்கு முக்கிய வழி. பூச்சி மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் இரண்டு வழியும் அடைபடும். ஆஸ்துமாவும் நாய் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு முடி கொட்டாத நாய் என்று விற்கப்படும் இனமும் உதவாது. ஒவ்வாமைப் பொருள் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது.

யாருக்கு இது முற்றிலும் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கைக்குழந்தை படுத்திருக்கும் படுக்கையில் எந்த விலங்கும் கூடாது; மூச்சு முட்டும் ஆபத்து பாசத்தைப் பார்ப்பதில்லை. கீமோதெரபியில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர் தவிர்க்க வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்கு நாய் எச்சிலில் சாதாரணமாக இருக்கும் ஒரு பாக்டீரியாகூட உயிருக்கு ஆபத்தாகலாம். முதியவர்களுக்கு நோயைவிடத் தடுக்கி விழுவது பெரிய அபாயம். நாயாலும் பூனையாலும் விழுந்து காயப்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வருபவர்கள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 86,000-க்கு மேல் என்று 2009-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது, பெரும்பகுதி நாயால்தான். நள்ளிரவில் பாத்ரூம் போக எழும் பாட்டியின் காலடியில் கறுப்பு நாய் படுத்திருப்பது எந்த ஊரிலும் ஆபத்து.

தலைமேல் ஏறுமா?

கட்டிலில் இடம் கொடுத்தால் நாய் தன்னைத் தலைவனாக நினைத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது வாதம். இதன் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. முன்பின் உறவில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் போட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். இந்தக் கருத்தைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970-இல் எழுதிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் பல ஆண்டுகள் கவனித்த பிறகு 1999-இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். பட்டத்துக்கான போர்க்களம் அல்ல. ஆகவே மெத்தையில் ஏறும் நாய் ஆட்சியைப் பிடிக்க வரவில்லை. மெத்தென்று இருக்கிறது, நம் வாசனை இருக்கிறது, அதனால் வருகிறது.

அதற்காக எல்லா நாயும் கட்டிலுக்கு ஏற்றது என்றாகாது. இறங்கச் சொன்னால் உறுமுகிற நாய், கணவரோ குழந்தையோ பக்கத்தில் வந்தால் விறைக்கிற நாய், தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருகிற நாய் கீழேதான் படுக்க வேண்டும். இது தண்டனை அல்ல. இடத்தைக் காக்கும் பதற்றம் அந்த நாய்க்குமே தூக்கத்தைக் கெடுக்கிறது. குழந்தைகளைக் கடிப்பதில் தெரு நாயைவிட வீட்டுக்குப் பழகிய நாயே அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வதால் இதில் தாட்சண்யம் பார்க்க முடியாது.

நாயின் பக்கமும் ஒன்று உண்டு. மே மாதத்து இரவில் ஏ.சி. இல்லாத அறையில் மெத்தை அதற்குச் சூடு. மொசைக் தரைக்கு அதுவே இறங்கிப் போகும். போகவிட வேண்டும். மூக்குச் சப்பையான பக்குக்கு வெப்பம் இன்னும் கடினம். பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் உயரமான கட்டிலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்வதும், முதுகு நீண்ட டாக்ஸ்ஹண்டுக்குத் தண்டுவடத் தட்டு பிசகுவதும் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய காட்சிகள். தரையில் பாய் போட்டுப் படுக்கும் வீட்டில் மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை.

பகலில் முடிவாகும் விஷயம்

மூன்று வாதங்களையும் எடை போட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நாய் இரவில் எங்கே படுக்கிறது என்பதைவிட, பகலில் எப்படி வளர்க்கப்படுகிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து தவறாமல் பெறும், கழுத்தில் பெல்ட்டோடு நடைக்குப் போய், திரும்பியதும் கால் துடைக்கப்பட்டு, இறங்கு என்றால் இறங்கும் நாய் மெத்தையில் படுப்பதால் ஆரோக்கியமான ஒருவர் இழப்பது கொஞ்சம் தூக்கம். அதை மனநிறைவோடு ஈடுகட்டிக்கொள்வது அவர் விருப்பம். இவற்றில் ஒன்றும் இல்லாத நாயைக் கட்டிலை விட்டு இறக்கிச் சமையலறை வாசலில் படுக்கவைத்தால் மட்டும் வீடு பாதுகாப்பாகிவிடாது. அது நாள் முழுக்க குழந்தையின் கையை நக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நடுவழியும் இருக்கிறது, மேயோவின் எண்களே அதைக் காட்டின. அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு மெத்தை. நாய்க்கு வேண்டியது நம் அருகாமை. தலையணையில் பாதி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாது, கிடைக்காவிட்டாலும் ஏமாந்துபோகாது. கட்டிலில்தான் வேண்டும் என்பவர்கள் நாய்க்குத் தனி விரிப்புப் போட்டு, வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கலாம். முகத்தருகே விடாமல் கால்மாட்டில் படுக்கப் பழக்கலாம்.

வீட்டு வழக்கில் தாத்தா பாட்டி கட்சி கேட்கும் கேள்வி தவறானதல்ல, கேட்கும் நேரம்தான் தவறு. இரவு பத்து மணிக்கு நாய் கட்டிலில் ஏறும்போது கேட்பதைவிட, அதன் தடுப்பூசி அட்டையைக் காலையில் எடுத்து, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று பேரனிடம் கேட்கலாம். அவன் தேதியைச் சொல்லிவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம்.